அட்டையில் தீபாவளி, உள்ளே அரிசோனா

கார்த்திகை தீபத்தன்று அடி அண்ணாமலையில் ஒரு குழந்தை கேட்டு, கடையில் இல்லாத பொருள் என்று ஒன்றைச் சொல்வது கடினம். திருவண்ணாமலையில் மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் பாதையில், மேற்குப் பக்கத்தில், ஆதி அண்ணாமலையார் கோயிலை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். கிரிவலம் வருகிறவர்கள் யாராக இருந்தாலும் இதைக் கடந்துதான் போக வேண்டும். பலூன், ஊதல், பஞ்சுமிட்டாய், பொரி, தலையில் மாட்டினால் மினுக்கும் கொம்பு என்று பாதையின் இரு பக்கமும் கடை. பெரியவர்களுக்குத் தல புராணச் சிறுநூல்களும் பதிகத் திரட்டுகளும் சாமி படங்களும் கிடைக்கும். அன்றைய நாளின் கதையைக் கட்டம் கட்டமாகப் படத்தில் சொல்லும் புத்தகம் ஒன்றைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க நினைத்தால் மட்டும் வழியில்லை. கார்த்திகைக்கென்று ஒரு சித்திரக்கதை மலரைத் தமிழில் நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் தமிழ்ச் சித்திரக்கதை பண்டிகையை மறந்த துறை அல்ல. தீபாவளி மலர், கோடை மலர், பொங்கல் வெளியீடு என்று அது பருவத்தை வைத்தே பிழைத்தது. பண்டிகைக்காகப் புத்தகம் வந்தது; புத்தகத்துக்குள் பண்டிகை வரவில்லை. ஏன் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

படத்தில் விழாவைத் தொடர்கதையாகச் சொல்வது நமக்குப் புதிதல்ல. திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படும் ஓவியங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் குறிப்பு எழுதி, சிங்காதனம் என்ற ஓவியர் தம் பெயரையும் விட்டுச் சென்றிருக்கிறார். அதில் ஊர்வலம் உண்டு, மேளக்காரர்கள் உண்டு, வாணவேடிக்கையும் உண்டு. அண்ணாந்து பார்த்துப் படிக்க வேண்டிய காமிக்ஸ் என்று அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. விழா நடக்கும் ஊரிலேயே, விழாவுக்கு வரும் சனங்களுக்காக, விழாவையே வரைந்திருக்கிறார்கள்.

திருவிழாக் கூட்டமும் மலிவு அச்சும் பழைய கூட்டாளிகள்தான். குஜிலிக் கடைத்தெருவில் அச்சான காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் சந்தையிலும் திருவிழாவிலும் பாடி விற்கப்பட்ட வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். விக்கிரமாதித்தன் கதையும் அல்லி அரசாணி மாலையும் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களாக, இடையிடையே கோட்டுப் படங்களோடு, இதே வழிகளில்தான் கிராமங்களுக்குள் நுழைந்தன. அவை பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் வீட்டில் வாசிக்கச் சொல்வார்கள்.

பத்திரிகைகள் வந்த பிறகு பண்டிகை வாசிப்பு என்பது தீபாவளி மலர் என்றாகிவிட்டது. 1930களிலேயே ஆனந்த விகடன் மலர் போட்டது. கல்கி, கலைமகள், அமுதசுரபி பின்தொடர்ந்தன. அட்டையில் கடவுள், முதல் பக்கங்களில் பெரியவர்களின் அருளுரை, பிறகு சிறுகதைகள், பட்டுப்புடவை விளம்பரங்கள். மலர் வீட்டுக்கு வந்தால் முதலில் பிரிப்பது அப்பா. பிள்ளைகள் முறை வருவதற்குள் பட்சணம் தீர்ந்திருக்கும். பிள்ளைகளுக்கென்று இருந்தவை வேறு. கலைமகள் நிறுவனத்திலிருந்து ஆர்வி நடத்திய ‘கண்ணன்’, 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’, பிறகு ‘கோகுலம்’. ‘அம்புலிமாமா’வின் சங்கர் வரைந்த விக்கிரமனும் வேதாளமும் மூன்று தலைமுறைக் கண்களில் பதிந்தவை. ஆனால் அம்புலிமாமாவின் உலகம் ‘முன்னொரு காலத்தில்’ நடப்பது. அங்கே அரையாண்டுத் தேர்வும் கிடையாது, அது முடிந்து வரும் விடுமுறையும் கிடையாது.

தினத்தந்தியின் ‘கன்னித்தீவு’ 1960இலிருந்து நாள்தோறும் வருகிறது. சிந்துபாத் எத்தனையோ கடல் கடந்துவிட்டான். நான் பார்த்தவரை ஒரு பொங்கலுக்கும் வீட்டில் இருந்ததில்லை.

இனி சிவகாசி. இந்தத் துறையின் நடுப்பகுதி அங்கேதான் இருக்கிறது, அதன் வேடிக்கையும் அங்கேதான் இருக்கிறது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போய்த் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுப் பெட்டிக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்காக வந்த வண்ண அச்சு இயந்திரங்கள் பிறகு காலண்டர் அடித்தன, வாழ்த்து அட்டை அடித்தன, பாடப்புத்தகம் அடித்தன. அந்த ஊரிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வந்தது. சௌந்திரபாண்டியன் தொடங்கிய அந்த இதழின் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’; ஆசிரியப் பொறுப்பில் முல்லை தங்கராசன். 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஜூலையில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஒன்றரை ரூபாய் விலையில் ஜேம்ஸ் பாண்டோடு கடைக்கு வந்தது. தமிழ்நாட்டுக் குழந்தைக்குப் பட்டாசும் காமிக்ஸும் ஒரே ஊரிலிருந்து, ஏறக்குறைய ஒரே பருவத்தில் வந்துசேர்ந்தன. பட்டாசுப் பெட்டியின் லேபிளில் இருந்த அளவுக்குக்கூட தீபாவளி காமிக்ஸின் உள்பக்கங்களில் இல்லை என்பதுதான் வேடிக்கை.

காரணம் எளிது. கதைகள் வாங்கப்பட்டவை. இரும்புக்கை மாயாவி லண்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் பிறந்த லூயி கிராண்டெல். வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பைடரும் ஆர்ச்சியும் இங்கிலாந்துச் சரக்கு. டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பொனெல்லியும் கல்லெப்பினியும் உருவாக்கிய அரிசோனாக்காரர். லக்கி லூக் பெல்ஜியத்துக் கைவண்ணம். வேதாளரும் மாண்ட்ரேக்கும் அமெரிக்கச் செய்தித்தாள் தொடர்கள். சிவகாசியில் செய்ய முடிந்தது வாய்க்கூட்டுக்குள் இருக்கும் எழுத்தை மாற்றுவது. அதை அவர்கள் பிரமாதமாகச் செய்தார்கள். மேற்கத்திய வில்லன் மதுரை வட்டாரத்து வசவு பேசினான். பெயர்கள் தமிழ் நாக்குக்கு வளைந்தன. ஆனால் நியூயார்க் தெருவில் ஒரு குத்துவிளக்கை வரைந்து சேர்க்க முடியாது. உரிமை கொடுத்தவன் விடமாட்டான். விட்டாலும் பார்க்கச் சகிக்காது.

மூலத்தில் இருந்த பருவமும் வரும் வழியில் கழன்றுவிட்டது. இங்கிலாந்துச் சிறுவர் வார இதழ்களில் டிசம்பர் பிறந்தால் அட்டையின் தலைப்பெழுத்து மேல் பனி படரும். வாரத் தொடரைச் சேர்த்து முழுநீளக் கதையாகத் தமிழில் தரும்போது அந்த அட்டையும் வாராது, அந்த டிசம்பரும் வாராது. பருவமில்லாத கதை நமக்கு வந்தது. அதன்மேல் நாம் நம் பருவத்தின் பெயரை எழுதிக்கொண்டோம்.

அதனால் பண்டிகை என்பது கனம் என்றாயிற்று. 1980களில் லயனின் கோடை மலரையும் தீபாவளி மலரையும் வாங்கியவர்களைக் கேளுங்கள்; கதையைச் சொல்வதற்கு முன் புத்தகத்தின் தடிமனை விரலால் காட்டுவார்கள். மாத இதழ் ஓரிரு ரூபாய்க்கு விற்ற காலத்தில் மலருக்கு ஐந்தும் பத்தும். ஒரு நாயகனுக்குப் பதிலாக நாலைந்து நாயகர்கள், நடுவில் வண்ணப் பக்கங்கள். இந்தக் கணக்கை நான் குறைத்துப் பேசவில்லை. தீபாவளிக்கு வீட்டில் போனஸ் பணம் புழங்கும். உறவினர்கள் கையில் காசு வைப்பார்கள். மே மாதம் தாத்தா வீட்டில் கழியும்; அங்கே போய்ச் சேர்ந்த ஒரு தடிப் புத்தகம் தெருவில் உள்ள அத்தனை பிள்ளைகளின் கையிலும் புரண்டு, அட்டை கிழிந்துதான் திரும்பும். சிறுவனின் காசு எப்போது வரும், ஓய்வு எப்போது வரும் என்று பதிப்பாளருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தீபாவளியன்று சிறுவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் யாரும் வரையவில்லை.

ராணி காமிக்ஸ் மாதம் இரு முறை, ஒல்லியாக, நாள் தவறாமல் வந்தது. அதற்குப் பருவமே தேவைப்படவில்லை. 2005இல் நின்றுபோனது.

மேற்கில் மட்டும் பண்டிகைக் கதைகள் பக்தியிலோ பாசத்திலோ பிறந்தன என்று நினைக்க வேண்டாம். சிவப்பு மூக்குக் கலைமான் ருடால்ஃப் 1939இல் மான்ட்கோமரி வார்ட் என்ற சிகாகோ வணிக நிறுவனம் கிறிஸ்துமஸ் வாடிக்கையாளர்களின் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்த புத்தகத்தில் பிறந்தது. எழுதியவர் அந்த நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த ராபர்ட் மே. முதல் ஆண்டிலேயே 24 லட்சம் பிரதிகள் போயின. 1950 முதல் டிசி நிறுவனம் அதை ஆண்டுதோறும் காமிக்ஸாகப் போட்டது. 1947 டிசம்பரில் கார்ல் பார்க்ஸ் டொனால்ட் டக்குக்காக ஒரு கிறிஸ்துமஸ் கதை வரைந்தார். பண்டிகை என்றாலே எரிச்சல்படும் ஒரு கஞ்ச மாமா அந்தக் கதைக்குத் தேவைப்பட்டார். 1843இல் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையின் கஞ்சனிடமிருந்து பெயரைக் கடன் வாங்கி ‘ஸ்க்ரூஜ்’ என்று வைத்தார். ஒரு பண்டிகைக்காக வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. டிஸ்னி காமிக்ஸின் பெரிய நாயகர்களில் ஒருவராகிவிட்டார். இங்கிலாந்தில் ‘பீனோ’ 1938இல் தொடங்கிய அடுத்த ஆண்டே கிறிஸ்துமஸ் சந்தைக்கான கெட்டி அட்டை ஆண்டு மலரைக் கொண்டுவந்தது. எல்லாம் விற்பனைக்குத்தான். ஆனால் வரைகிறவரும் வாங்குகிற குழந்தையும் ஒரே பண்டிகையைக் கொண்டாடினார்கள். அதனால் வியாபாரத்தின் பின்னால் கதை தானாக வந்தது.

வங்காளத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். துர்கா பூஜைக்குப் பெரியவர்களுக்குச் சாரதியா மலர்கள் வருவதுபோலச் சிறுவர்களுக்கும் ‘ஆனந்தமேளா’ போன்ற இதழ்களின் பூஜா மலர்கள் உண்டு. சத்யஜித் ராயே அவற்றில் சிறுவர்களுக்காக எழுதினார். நாராயண் தேவ்நாத் 1962இல் ‘ஹாண்டா போண்டா’வையும் 1965இல் ‘பாண்டுல் தி கிரேட்’டையும் ‘சுக்தாரா’வில் தொடங்கி, பல பத்தாண்டுகள் அவரே எழுதி அவரே வரைந்தார். பந்தல், வசூல், கறிச்சோறு, பக்கத்துத் தெருவோடு சண்டை என்று வங்கச் சிறுவனின் அக்டோபர் முழுவதையும் அந்த ஆள்கள் வாழலாம். ஏனென்றால் அவர்கள் ஹௌராக்காரர் ஒருவரின் பேனாவிலிருந்து வந்தவர்கள். கேரளத்திலும் ‘பலரமா’வின் மாயாவியும் லுட்டாப்பியும் அந்த ஊர்க் காட்டில்தான் திரிகிறார்கள்.

நமக்கும் ஆள் இல்லாமல் போகவில்லை. வாண்டுமாமா (1925–2014) எழுத, ஓவியர் செல்லம் வரைய, அசலான தமிழ்ச் சித்திரக்கதைகள் வந்தன. வாண்டுமாமாவின் பொறுப்பில் 1984இல் தொடங்கிய ‘பூந்தளிர்’ சில ஆண்டுகள் ஒரு பொற்காலத்தைக் காட்டிவிட்டு மறைந்தது. அதில் வந்த சுப்பாண்டியின் கதை நம் நிலைமையை நன்றாகச் சொல்லும். திருச்சியைச் சேர்ந்த பி. வரதராஜன் எழுதி அனுப்பிய நகைச்சுவைகளில் பிறந்த அந்த அசட்டு வேலைக்காரன் பம்பாயில் ‘டிங்கிள்’ இதழில் ராம் வயீர்க்கரின் கையால் உருவம் பெற்றான். ஆங்கிலம் பேசி ஊர் ஊராகப் புகழடைந்த பிறகு தமிழுக்கு மொழிபெயர்ப்பாக வந்தான். நம் ஊர்ப் பையனைக்கூட நாம் உரிமைத்தொகை கட்டித்தான் அழைத்து வந்திருக்கிறோம்.

அமர் சித்திரக் கதை இல்லையா என்று கேட்பார்கள். 1967இல் அனந்த் பை தொடங்கிய அந்த வரிசை தமிழிலும் வந்தது. கண்ணனும் நரகாசுரனும் அதில் உண்டு. ஆனால் புராணம் வேறு, பண்டிகை வேறு. நரகாசுரன் செத்தது புராணம். விடியற்காலை நாலு மணிக்குக் கண்ணில் சீயக்காய் விழுந்து அலறுவதும், லேகியத்தைத் துப்பிவிட்டு அடி வாங்குவதும், வெடிக்காத சரத்தைப் பிரித்து மருந்து சேர்ப்பதும்தான் பண்டிகை. புராணத்தை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் வரையலாம். பண்டிகையை அந்தத் தெருவில் வளர்ந்தவர்தான் வரைய முடியும்.

இந்தக் கோணத்தில் திருவண்ணாமலையைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. சரக்கு அவ்வளவு கிடக்கிறது. அடிமுடி தேடிய கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவன் கோயில் கருவறையின் பின்சுவர் மாடத்தில் இலிங்கோத்பவர் நிற்பார். கீழே பூமியைக் குடையும் பன்றி, மேலே பறக்கும் அன்னம், நடுவில் முடிவில்லாத தூண். மேலும் கீழுமாக ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு பயணங்களை ஒரே சட்டத்துக்குள் அடக்கிய சிற்பி, நெடுக்குவாட்டுப் பக்கத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று காமிக்ஸ்காரனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவுக்கு ஒரு கட்டம் போதும், குழந்தைகள் சிரித்துவிடுவார்கள்.

அது புராணப் பகுதி. தீபநாளின் நடைமுறையில் இன்னும் சுவையான விஷயங்கள் உண்டு. பர்வதராஜ குலத்தார் கொப்பரையை 2,668 அடி உயர மலை உச்சிக்குத் தூக்கிச் செல்கிறார்கள். நெய்யும் திரியும் அதே செங்குத்துப் பாதையில் ஏறுகின்றன. அதிகாலையில் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குள்ளிருந்து சில நொடிகள் மட்டும் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போகிறார். அதே கணத்தில் உச்சியில் சுடர். பக்கம் திருப்பும் இடத்தில் வைக்க வேண்டிய காட்சி இது. பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்பில் தொட்டில் கட்டிக் குழந்தையைச் சுமந்து மாடவீதி வருவார்கள். அந்தத் தொட்டிலுக்குள்ளிருந்து திருவிழா எப்படித் தெரியும் என்று ஒரு கதை எழுதலாம். மலைக்கு மேற்கே அடி அண்ணாமலைப் பக்கத்தில் மாவலி சுற்றும் பையனிடமிருந்து இன்னொன்றைத் தொடங்கலாம். பனம்பூக் காம்பைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் பொதிந்து, மட்டைக்கிடையில் கட்டிச் சுற்றினால் நெருப்புப் பொறி வட்டமாகச் சிதறும். கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் மட்டும் வைத்து அந்த வட்டத்தைக் கொண்டுவர முடிந்த ஓவியரே இந்த வேலைக்கு ஏற்றவர். வண்ணம் அங்கே இடைஞ்சல்தான்.

கார்த்திகையோடு முடிவதில்லை. மார்கழி விடுமுறைக்குத் திருவெம்பாவை இருக்கிறது. மாணிக்கவாசகர் அதைப் பாடியது இந்தத் தலத்தில் என்பது மரபு, அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலும் உண்டு. விடியாத குளிரில் ஒருத்தி வீட்டு வாசலில் நின்று மற்றவர்கள் அவளை எழுப்பும் கேலிப் பேச்சு அது. வாய்க்கூடுகள் கேட்கும் பாட்டு. மாட்டுப் பொங்கலன்று திருவூடல்: சாமியும் அம்மனும் தெருவில் சண்டை போட்டுக்கொண்டு, அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், சுந்தரர் தூது போவார். அந்தத் தெருவுக்கே திருவூடல் தெரு என்று பெயர். மாசியில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாபட்டுக்குப் போய், பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனுக்கு மகனாக நின்று திதி கொடுப்பார். கடவுள் கடன் தீர்க்கும் கதையைவிடப் பெரிய சாகசம் டெக்ஸ் வில்லரிடம் உண்டா என்று தெரியவில்லை. நான் டெக்ஸின் வாசகன் என்பதால் சொல்கிறேன்.

இதற்கிடையில் துறையின் பருவமே இடம் மாறிவிட்டது. நீண்ட தொய்வுக்குப் பிறகு லயன்–முத்து காமிக்ஸ் 2012 ஜனவரியில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ இதழோடு எழுந்தது. விற்ற இடம் சென்னைப் புத்தகக் காட்சி. அதன்பின் அந்தப் புத்தகக் காட்சியும் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவும்தான் காமிக்ஸின் பெரிய பண்டிகைகள். ஈரோட்டில் வாசகர் சந்திப்பே நடக்கிறது. தீபாவளியை ஒட்டி டெக்ஸ் வில்லரின் தடித்த இதழ் இன்றும் வழக்கம். தாள் உயர்ந்தது, அச்சு உலகத்தரம், கெட்டி அட்டைத் தொகுப்புகளின் விலை பல நூறு ரூபாய். வாங்க வருகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்கிறது. 1985இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று ஐம்பது. தம் பழைய தீபாவளியைத்தான் அவர் விலை கொடுத்து வாங்குகிறார். அதில் தவறில்லை, அவர்கள் இல்லையென்றால் தமிழில் காமிக்ஸே இல்லை. ஆனால் அது இனி சிறுவர் துறை அல்ல. சிறுவர்களுக்கு மிச்சமிருந்த ‘சுட்டி விகடன்’ போன்றவையும் 2020ஐ ஒட்டி நின்றுபோயின.

ஆக, சிறுவர்களுக்குப் பண்டிகைச் சித்திரக்கதை வேண்டும் என்றால் சந்தையை நம்பிப் பயனில்லை. வேறு ஒரு வழி இருக்கிறது. பள்ளிக் கல்வித்துறை அரசுப் பள்ளி மாணவர்களுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று இதழ்கள் நடத்துகிறது. வினியோகப் பிரச்சினை அங்கே இல்லை; புத்தகம் வகுப்பறைக்கே போகிறது. தீபத்துக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அந்த விடுமுறைக்கு முந்தைய இதழில் 16 பக்கம் ஒதுக்கி, இந்த மாவட்டத்துப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் எழுதச் சொல்லி, ஒரு நல்ல ஓவியரிடம் கொடுத்தால் போதும். திருவாரூருக்கு ஆழித்தேர், நாகூருக்குக் கந்தூரி, வேளாங்கண்ணிக்குக் கொடியேற்றம் என்று ஊருக்கு ஊர் அதே வேலையைச் செய்யலாம். சிவகாசிக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த தீபாவளிக்கு டெக்ஸ் வரட்டும், கூடவே பத்து ரூபாய் விலையில், நம் ஊர்ப் பிள்ளை நடமாடும் ஒரு சிறு புத்தகமும் வரட்டும். கிரிவலப் பாதையில் அதைப் போட்டு விற்பதற்குக் கடைக்காரர்கள் தயாராகவே இருக்கிறார்கள்.